இங்கிலாந்தில் கேஸ்க் ஏலும் சைடரும் வாங்கி வீட்டில் வைத்துக் குடிப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரலில் மகள் வீட்டுக்கு இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டுக்குச் செல்கிறேன். ஆகஸ்ட் வரை அங்கேதான் இருப்பேன். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பிறந்தவனுக்குச் சொல்லவா வேண்டும், மாலையானால் கள்ளுக்கடையில் ஒரு குப்பி வாங்கி வந்து, கைகால் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குடிப்பது என் வழக்கம். ஒருவர் ஒன்றரை லிட்டர் வரை கையில் வைத்திருக்கலாம் என்று கேரளச் சட்டம் அனுமதிக்கிறது. எனக்கு அதில் பாதியே போதும். கடையிலேயே அமர்ந்து குடிக்க மனம் ஒப்புவதில்லை. டப்பாவில் அடைத்த பீரும் பிடிப்பதில்லை. அதில் வாயுவைத் தவிர வேறெதுவும் நாக்குக்குத் தெரிவதில்லை.

அங்கே கேஸ்க் ஏல் என்று ஒரு வகை பீர் உண்டென்றும், அது பீப்பாய்க்குள்ளேயே கடைசி வரை நொதித்துக்கொண்டிருக்கும் என்றும், வடிகட்டாமல், வாயு ஏற்றாமல் அப்படியே ஊற்றிக் கொடுப்பார்கள் என்றும் கேள்விப்பட்டேன். பப்பில் உட்காராமல் அதை வீட்டுக்கு வாங்கி வர இயலுமா? சிறிய பீப்பாய் ஒன்றை வாங்கி வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? குடிப்பவர்கள் நானும் மருமகனும் மட்டுமே, அவரும் வார இறுதியில்தான். அவர் சைவம், பீரைத் தெளிய வைக்க மீனைப் பயன்படுத்துகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டதிலிருந்து தொடவே தயங்குகிறார். ஹெரிஃபோர்டு சைடருக்கு, அதாவது நொதித்த ஆப்பிள் சாற்று மதுவுக்கு, பேர்போன ஊர் என்பதால், அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

வேலந்தாவளம் – பதில்

ஐயா, எனக்குச் சொந்த ஊர் வேலந்தாவளம். இப்போது ஹெரிஃபோர்டுக்குப் பக்கத்து ஊரான வூஸ்டரில் குடியிருக்கிறேன். முதலில் பீப்பாய் எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கேஸ்க்குகளில் வழக்கமாகக் கிடைக்கும் மிகச் சிறிய அளவுக்குப் பின் என்று பெயர். அதிலேயே நாலரை காலன், அதாவது 36 பைன்ட், நம் கணக்கில் ஏறத்தாழ 20.5 லிட்டர் இருக்கும். பப்புகளின் நிலவறையில் சாதாரணமாகக் காண்பது ஃபிர்கின். அது இதைப் போல இரு மடங்கு.

அளவைக் காட்டிலும் பெரிய சிக்கல் அதைப் பக்குவப்படுத்துவதில் இருக்கிறது. பீப்பாயைக் குளிர்ந்த இடத்தில் அசையாமல் படுக்க வைத்து, அதன் வயிற்றின் மேல்பக்கத்தில் உள்ள அடைப்பில் மென்மரத்தாலான சிறு முளை ஒன்றை அடித்து இறக்க வேண்டும். அடித்த மாத்திரத்தில் சீறும். முளையைச் சுற்றி நுரை பொங்கும். துடைத்துவிட்டுப் பார்த்தால் மீண்டும் நுரைக்கும். உள்ளே மிச்சமிருக்கும் ஈஸ்ட் உண்டாக்கிய கூடுதல் வாயு மரத்தின் துளைகள் வழியாகக் கசிந்து அடங்கும் வரை பொறுத்திருந்து, பின்னர் மென்முளையைப் பிடுங்கிவிட்டு வன்மர முளையை வைத்தால்தான் தேவையான வாயு உள்ளே தங்கும். முகப்பில் குழாயைச் சுத்தியலால் ஓங்கி ஒரே அடியில் இறக்க வேண்டும். தயங்கித் தயங்கித் தட்டினால் பீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். வண்டல் அடியில் படிய ஒரு நாளாவது ஆகும். இவ்வளவு பாடுபட்ட பிறகும், பீர் இறங்க இறங்க அந்த இடத்தை அறைக்காற்று நிரப்புவதால், குழாயைத் திறந்த மூன்றாம் நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. இரண்டு பேர் 36 பைன்ட்டை மூன்று நாளில் குடித்துத் தீர்ப்பதை உங்கள் மகள் அனுமதிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. காலிப் பீப்பாய் பீர் ஆலைக்குச் சொந்தமானது என்பதால் அதைத் திருப்பியும் கொடுத்தாக வேண்டும்.

வீட்டுக்கு ஏற்றது அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைத்து, அந்தப் பையிலேயே குழாய் பொருத்தித் தருவதுதான். 36 பைன்ட் கொண்டதைப் பாலிபின் என்றும் 18 பைன்ட் கொண்டதை மினிபின் என்றும் சொல்வார்கள். ஆலையிலேயே வண்டலை விட்டுத் தெளிவை மட்டும் மாற்றி ஊற்றுவதால், காரில் குலுங்கி வந்தாலும் கெடுவதில்லை. பீர் குறையக் குறையப் பையும் சுருங்கிக்கொள்கிறது. காற்று உள்ளே போவதில்லை. ஆயினும் வண்டல் நீங்கிய பீருக்கு ஆயுள் குறைவு. பெட்டியில் எழுதியிருக்கும் தேதியை மீறாதீர்கள். வாங்கிய வாரத்திற்குள் முடித்துவிடலாம் என்றால் மட்டுமே வாங்குங்கள். சில நேரம் பை உப்பிக்கொண்டு பெட்டியைப் பிதுக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; குழாய் மேலே வருமாறு பெட்டியை நிமிர்த்தி, மெல்லத் திறந்து வாயுவை வெளியேற்றி, பீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள்.

நாள்தோறும் புதிதாக வாங்கிக் குடிப்பவர் நீங்கள் என்பதால், இதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். பல பப்புகளிலும் சிறு ஆலைகளின் கடைகளிலும் கேஸ்க்கிலிருந்து நேராக நான்கு பைன்ட் பிடிக்கும் பாத்திரத்தில், அதாவது இரண்டேகால் லிட்டர் அளவுக்கு, ஊற்றித் தருவார்கள். அன்று மாலையே குடித்தால் பப்பில் கிடைக்கும் சுவைக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. மறுநாள் இரவுக்குள் முடித்துவிட வேண்டும். எதை வாங்கினாலும் கூட்டம் உள்ள இடத்தில் வாங்குங்கள். விற்காமல் பல நாள் கிடந்த பீப்பாயின் அடிப்பகுதியை வாங்கினால் புளிப்புதான் மிஞ்சும், அந்த விஷயத்தில் உங்கள் ஊர்க் கடைக்கும் இந்த ஊர்க் கடைக்கும் வேறுபாடில்லை. காசு கொடுப்பதற்கு முன் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை.

குளிர்ச்சியைப் பொறுத்தவரை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். இதமான குளிர்தான், பல் கூசும் குளிர் இல்லை. ஏப்ரலில் வீட்டுக் கொட்டகையே அந்த அளவில் இருக்கும். ஜூலையில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, குடிப்பதற்குச் சற்று முன் வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் மருமகன் கேள்விப்பட்டது உண்மையே. ஐசிங்கிளாஸ் என்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள். நம் ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் கூறல் மீனிலிருந்து எடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்களே, அந்த நெட்டிதான். அது ஈஸ்ட்டைத் திரட்டி அடியில் படிய வைக்கும். பெரும்பகுதி வண்டலோடு நின்றுவிடும் என்றாலும், சைவர்களுக்கு அந்தச் சமாதானம் போதாது. இப்போது அதைச் சேர்க்காமல், சற்று மங்கலாகவே விற்கும் ஆலைகள் பெருகிவிட்டன. சேர்க்கப்படாதது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆலைக்காரரிடமே கேட்கலாம், ஒளிக்காமல் சொல்வார்கள்.

மீனாட்சிபுரம் – பதில்

வேலந்தாவளத்து நண்பர் எழுதிய அனைத்தும் சரியே. ஆனால் ஒருவர் தினமும் ஒரு குப்பி, மற்றவர் வார இறுதியில் மட்டும் என்றால், 18 பைன்ட் கூட வீணாகத்தான் போகும். பீர் தீர்ந்துவிட வேண்டுமே என்பதற்காகக் குடிப்பது நல்ல பழக்கமும் அல்ல. இவர்களுக்குக் குப்பியே பொருந்தும் என்பது என் கருத்து.

எல்லாக் குப்பிகளும் செத்த பீர் என்று எண்ணிவிட வேண்டாம். குப்பிக்குள் உயிருள்ள ஈஸ்ட்டோடு அடைத்து, அங்கேயே இரண்டாம் முறை நொதிக்க விடும் வகை ஒன்று உண்டு. 1971-இல் தொடங்கப்பட்ட காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம், எந்தக் கலத்திலிருந்து ஊற்றுகிறார்களோ அந்தக் கலத்திலேயே இரண்டாம் முறை நொதித்திருப்பதைத்தான் அசல் ஏலுக்கு அடையாளமாகச் சொல்லி வந்தது. அந்த இலக்கணத்துக்குள் இந்தக் குப்பிகளும் அடங்கும். கார்ன்வாலின் செயின்ட் ஆஸ்டெல் ஆலை தரும் ப்ராப்பர் ஜாப், ஃபுல்லர்ஸ் ஆலை 1997 முதல் ஆண்டுக்கொன்றாக வெளியிட்டு வரும் விண்டேஜ் ஏல் ஆகியவை இவ்வகை. இரண்டாவது மிகவும் வீரியமானது. கள்ளுக் குடித்துப் பழகியவர் அளவறிந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பப்பில் கேஸ்க்காகக் குடித்த அதே பெயர் அங்காடிக் குப்பியில் இருந்தாலும், உள்ளே இருப்பது வடிகட்டிய சரக்காக இருக்கக்கூடும். முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கத்து எழுத்தைப் படித்து, குப்பியிலேயே பக்குவப்பட்டது என்று குறித்திருந்தால் வாங்குங்கள்.

குப்பியை நிமிர்த்தியே வையுங்கள். கண்ணாடித் தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, இடையில் நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றி, அடியிலிருந்து வெண்வண்டல் கழுத்தை நோக்கி நகரத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். கடைசி விரற்கடை வண்டலைச் சிலர் விரும்பிக் குடிக்கிறார்கள், உடலுக்குக் கேடில்லை.

நகரி – பதில்

சைடரைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். நகரியிலிருந்து போய், இங்கிலாந்தின் சாமர்செட்டில் உணவக வேலை பார்த்துத் திரும்பியவன் நான். ஐயா செல்வது ஹெரிஃபோர்டு என்றால், ஏலைத் தேடி அலைவதை விடச் சைடரை நாடுவதே புத்திசாலித்தனம். வீட்டில் வைத்துக் குடிப்பதற்கு அது எவ்வளவோ இணக்கமானது.

ஏலை அவசரமாகக் குடித்து முடிக்க வேண்டியிருப்பது போல இதற்கு அவசரம் இல்லை. பழமுறைச் சைடரில் வாயு அதிகம் கிடையாது, புளிப்புத்தன்மையும் சாராயச் சத்தும் ஏலை விடக் கூடுதல். அதனால் பை வைத்த அட்டைப்பெட்டியில் வாங்கியதைத் திறக்காமல் மாதக்கணக்கிலும், திறந்த பின் குளிர்ந்த இடத்தில் சில வாரங்களும் வைத்துக்கொள்ளலாம். இலையுதிர் காலத்தில் ஆப்பிளை நசுக்கிப் பிழிந்து, பழத்தோடும் ஆலையோடும் வந்த ஈஸ்ட்டைக் கொண்டே குளிர்காலம் முழுவதும் மெதுவாக நொதிக்க விடுவார்கள். வசந்தத்தில் பக்குவத்துக்கு வரும். ஏப்ரலில் நீங்கள் போய்ச் சேரும்போது புதுச் சரக்கு இறங்கியிருக்கும். கிங்ஸ்டன் பிளாக், டாபினெட், ஃபாக்ஸ்வெல்ப் முதலிய ஆப்பிள்கள் சைடருக்கென்றே வளர்ப்பவை. சிலவற்றை வாயில் வைத்தால் துவர்ப்பு நாக்கைச் சுருட்டிவிடும், அந்தத் துவர்ப்புதான் சைடருக்குக் கனத்தைத் தருகிறது.

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: முழுக்கச் சாறா? பிரிட்டனில் 35 விழுக்காடு சாறு இருந்தாலே சைடர் என்று விற்கலாம். மீதி தண்ணீரும் சர்க்கரையுமாக இருக்கலாம். ஆண்டுக்கு 7,000 லிட்டருக்கு மேல் போகாத சிறு உற்பத்தியாளர்களுக்குச் சைடர் வரி இல்லை என்ற சலுகை நீண்டகாலமாக உள்ளதால், அங்கே தோட்டத்து வாசலிலேயே விற்கும் குடியானவர்கள் பலர் இருக்கிறார்கள். குப்பியைக் கொண்டுபோனால் நிரப்பித் தருபவர்களும் உண்டு. மகளின் காரில் ஒரு சுற்றுப் போய்வந்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பிட்டர் ஏலில் 4 விழுக்காட்டை ஒட்டிச் சாராயம் இருக்கும், சைடரிலோ 6, 7 வரை போகும். குடிக்க இளநீர் போல எளிதாக இறங்குவதால் ஏறுவது தெரியாது. பேரிக்காயில் செய்யும் பெர்ரியும் அந்தப் பக்கத்துச் சிறப்பு, கட்டாயம் ருசி பாருங்கள். ஆனால் பேரிக்காயில் உள்ள சார்பிட்டால் என்ற சர்க்கரை நொதிக்காமல் அப்படியே தங்கிவிடும். அளவு மீறினால் மறுநாள் காலை வயிறு உங்களைக் கழிவறையை விட்டு நகரவிடாது.

கொழிஞ்சாம்பாறை – மறுமொழி

மூவருக்கும் நன்றி. நாள்தோறும் குடிக்கக் குப்பி அல்லது நான்கு பைன்ட் பாத்திரம், வீட்டில் இருப்பாக ஒரு சைடர் பெட்டி என்று தீர்மானித்துவிட்டேன். திரும்பும்போது அண்ணனுக்குக் கொஞ்சம் கொண்டுவர எண்ணுகிறேன், விமானத்தில் தாங்குமா?

மீனாட்சிபுரம் – பதில்

குப்பியைத் தவிர வேறெதையும் கொண்டுவர எண்ணாதீர்கள், ஐயா. சுங்கத்தில் ஒருவருக்குத் தீர்வையின்றி மது இரண்டு லிட்டர் வரை விடுகிறார்கள். அரை லிட்டர்க் குப்பி என்றால் நான்கு. கையில் எடுத்துச் செல்லும் பையில் வைக்க வேண்டாம். பெரிய பெட்டியின் நடுவில், ஒவ்வொன்றையும் தடித்த துணியில் சுற்றி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் திறந்துவிட வேண்டாம். வழியெல்லாம் குலுங்கிய வண்டல் படிய இரண்டு மூன்று நாள் ஆகும். குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் ஆடும் என்பதால், உள்தட்டில் நிமிர்த்தி வையுங்கள்.