ஹாலோவீனுக்குப் பிள்ளைகளை வீடு வீடாக அனுப்புகிறீர்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கோவைக்காரி, சார்லட்

அமெரிக்காவில் இந்த ஊருக்கு வந்தபின் எங்களுக்கு இது முதல் அக்டோபர். 31-ம் தேதி மாலை பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்களே, அந்த ஹாலோவீன் வருகிறது. மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். யார் யார் என்ன வேஷம் என்று வகுப்பில் இப்போதே பேச்சாம். இவளுக்கு வண்ணத்துப்பூச்சி ஆக வேண்டும். ஆனால் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை, "பொழுது சாஞ்ச நேரத்துல பேய் வேஷம் கட்டிக்கிட்டு தெரியாத வீட்டு வாசல்ல போய் கையேந்துறதா? நம்ம பிள்ளைக்கு என்ன குறை?" என்கிறார். கணவருக்கு வேறு பயம். மிட்டாயில் விஷம், ஊசி என்று எங்கேயோ படித்திருக்கிறார். இரண்டு பேரையும் மீறிப் போக எனக்கு மனமில்லை. தெருவே வெளியே இருக்கும்போது இவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போனவர்கள், போகாதவர்கள் எல்லோரும் உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அனுபவம்தான் எனக்கு உதவும்.

எடிசன் அம்மா

அனுப்புவதா என்று கேட்கிறீர்கள். இந்த வயதில் யாரும் அனுப்புவதில்லை, கூடப் போகிறோம். குழந்தை வாசலில் நின்று மணி அடிக்கும், நாம் நடைபாதையில் நிற்போம். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று அர்த்தம், அணைந்திருந்தால் பேசாமல் தாண்டிப் போய்விட வேண்டும். சில வீடுகளில் கிண்ணத்தில் மிட்டாயைப் போட்டு, "ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதி வெளியே வைத்திருப்பார்கள். ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். ஆள் இல்லாத கிண்ணத்தின் முன் ஒரு குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் மகன் ஒன்றை எடுத்துவிட்டு, கீழே சிதறிக் கிடந்ததையும் பொறுக்கி உள்ளே போட்டுவிட்டு வந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் அத்தையிடம் இதைக் கேளுங்கள்: நவராத்திரிக்குப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, கொலு வைத்த வீடெல்லாம் ஏறி இறங்கி, ஒரு பாட்டுப் பாடிவிட்டுச் சுண்டல் வாங்கி வந்ததில்லையா? அதைக் கையேந்துவது என்று நம் ஊரில் யாராவது சொன்னார்களா? கொடுக்கிறவர் கொடுப்பதற்காகவே காத்திருக்கிறார், யாரும் வரவில்லை என்றால் அவருக்குத்தான் ஏமாற்றம். இங்கேயும் அப்படித்தான்.

எங்கள் எதிர்வீட்டில் வயதான தம்பதி. வருடம் முழுக்கக் காரில் இருந்தபடி தலையசைப்பதோடு சரி. ஹாலோவீன் அன்றுதான் அந்தப் பாட்டி கதவைத் திறந்துகொண்டு வந்து மகனின் பெயரைக் கேட்டார். வாயில் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் வாசல் பனியை என் கணவர்தான் தள்ளிக் கொடுத்தார். நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது வாசலில் வந்து விழுந்த பார்சல்களை அவர்கள் எடுத்து வைத்தார்கள். அந்த ஒரு மாலையில்தான் இந்தப் பழக்கமே தொடங்கியது.

நீங்கள் சைவம் என்றால் ஒன்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் கொட்டிப் பிரித்துவிடுவோம். மார்ஷ்மெல்லோ, பெரும்பாலான கம்மி வகைகள், ஸ்டார்பர்ஸ்ட் எல்லாம் ஜெலட்டின் உள்ளவை, அதாவது மாட்டிலோ பன்றியிலோ எடுத்தது. அவை ஒரு பக்கம் போய்விடும். ஸ்கிட்டில்ஸில் இப்போது ஜெலட்டின் இல்லை. கிட்கேட், எம் அண்ட் எம்ஸ் நம் பக்கம். மகன் இப்போது தானே உறையைத் திருப்பி, கண்ணை இடுக்கி, பொடி எழுத்தை வாசித்துப் பிரிக்கிறான். தள்ளி வைத்ததையெல்லாம் மறுநாள் அவன் நண்பனிடம் கொடுத்து மாற்றிக்கொள்வான்.

ஹூஸ்டன் நர்ஸ்

விஷ பயத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கதை எங்கள் பக்கத்து ஊர்க் கதை. 1974-ல் ஹூஸ்டனை ஒட்டிய டீர் பார்க்கைச் சேர்ந்த 8 வயதுச் சிறுவன் ஒருவன் ஹாலோவீன் இரவில் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைத் தின்று இறந்தான். கொடுத்தது அன்னியர் இல்லை, பெற்ற தகப்பன். பிள்ளையின் பேரில் போட்டிருந்த இன்சூரன்ஸ் பணத்துக்காகச் செய்தான். பழி வேறு யார் மேலாவது விழட்டும் என்று மற்றக் குழந்தைகளுக்கும் அதையே கொடுத்திருந்தான். நல்ல வேளை, அவர்கள் யாரும் தின்னவில்லை. 1984-ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982-ல் சிகாகோவில் டைலனால் என்ற வலி மாத்திரைகளில் சயனைடு கலந்து 7 பேர் செத்த பிறகு நாடு முழுக்கப் பயம் இன்னும் கூடியது. மிட்டாய்ப் பையை எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்த ஆஸ்பத்திரிகள்கூட உண்டு.

டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் தோண்டித் துருவிப் பார்த்திருக்கிறார். வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவர் கொடுத்த மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பலத்த பாதிப்புக்கு ஆளானதாகவோ உறுதியான சம்பவம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. உறை பிரிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள், அது போதும்.

பயப்பட வேண்டியது காருக்கு. 1975 முதல் 2016 வரை 42 ஹாலோவீன் மாலைகளை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள அதே கிழமை மாலைகளைவிட அன்று பாதசாரிகள் கார் மோதி இறக்கும் வாய்ப்பு 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு அது கிட்டத்தட்ட 10 மடங்கு. உங்கள் மகளின் வயது அதற்குள் வருகிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் எமர்ஜென்சியில் அன்றிரவு வருகிறவர்கள் பெரும்பாலும் நீளமான உடை தடுக்கி விழுந்தவர்கள், பூசணி செதுக்கும்போது கையைக் கிழித்துக்கொண்டவர்கள். உடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கித் தையுங்கள். முதுகில் ஒளி பட்டால் மின்னும் டேப் ஒட்டுங்கள். தெருவின் ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மூலையில் மட்டும் கடந்து மறுபக்கம் வாருங்கள். குறுக்கே ஓடி ஓடிப் போவதுதான் ஆபத்து. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் கோடை நேரக் கணக்கு 2007 முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீள்வதால் அன்று மாலை கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். சின்னப் பிள்ளைகளை அந்த வெளிச்சத்திலேயே கூட்டிப் போய்த் திரும்பிவிடலாம்.

கோவைக்காரி, சார்லட்

இதைக் கணவரிடம் காட்டினேன். விஷத்தை விட்டுவிட்டு இப்போது டேப் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறார். நர்ஸ் அக்கா, முகமூடி போடலாமா? நாங்கள் அபார்ட்மெண்டில் இருக்கிறோம், அதற்கும் யாராவது சொல்லுங்கள்.

ஹூஸ்டன் நர்ஸ்

வேண்டாம்மா. பக்கவாட்டில் பார்வை மறையும். முகத்தில் வண்ணம் தீட்டுங்கள், முந்தின நாளே கையில் கொஞ்சம் தடவி அரிக்கிறதா என்று பார்த்துவிட்டு.

டவுன்ஹோம் அப்பா

அபார்ட்மெண்டில் பாதிக் கதவுகள் திறக்காது. நாங்கள் முன்பு இருந்த இடத்தில் லீசிங் ஆபீசில் ஒரு தாள் ஒட்டுவார்கள், யார் மிட்டாய் கொடுப்பார்களோ அவர்கள் வீட்டு எண்ணை எழுதி வைக்கலாம். உங்கள் ஆபீசில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் டிரங்க் ஆர் ட்ரீட். பள்ளி அல்லது சர்ச் பார்க்கிங்கில் காரின் டிக்கியைத் திறந்து அலங்கரித்து வைத்திருப்பார்கள், பிள்ளைகள் கார் காராகப் போவார்கள். ஓடும் வண்டியே கிடையாது. ரொம்பச் சின்னக் குழந்தைக்கு நல்லது. ஆனால் பக்கத்து வீட்டு மனிதரின் முகம் அங்கே கிடைக்காது.

டாலஸ் சகோதரி

எங்கள் வீட்டில் போவதில்லை. அதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நாங்கள் பெந்தெகொஸ்தே சபை. சாவையும் பேயையும் எலும்புக்கூட்டையும் விளையாட்டாக்கி வாசலில் தொங்கவிடுவது எங்கள் மனசாட்சிக்கு ஒத்துவரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ரத்தம் வழியும் பொம்மையைத் தூக்கில் போட்டிருந்தார்கள். என் சின்னவள் அதைப் பார்த்துவிட்டுப் பல இரவுகள் என் அருகில்தான் படுத்தாள். அன்று மாலை எங்கள் சபையில் அறுவடை விழா வைப்பார்கள். விளையாட்டு, பாட்டு, மிட்டாய் எல்லாம் உண்டு, பிள்ளைகள் விவிலியப் பாத்திரங்களாக உடுத்தி வருவார்கள். என் மகள் மறுநாள் வகுப்பில் "நான் தாவீதாக இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏதோ இழந்தவள்போல அவள் பேசவில்லை. ஆனால் போகிற பிள்ளைகளைத் தப்பாகப் பேசக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

தூத்துக்குடி பொண்ணு, சிகாகோ

டாலஸ் அக்கா சொல்வதை மதிக்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் வீட்டில் வேறு மாதிரி. ஹாலோவீன் என்பதே நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முந்தின மாலைதான். அதற்கு மறுநாள், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். ஊரில் அன்றைக்குக் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பமாக உட்கார்ந்து ஜெபிப்போம். இருட்டில் கல்லறைத் தோட்டத்தில் சுற்றி வளர்ந்த எனக்குச் சாவு என்ற சொல்லைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைக்கத் தோன்றவில்லை.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பழைய கெல்ட் மக்களின் சம்ஹெய்ன் என்ற அறுவடை முடிவு நாளோடு இது கலந்திருக்கிறது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 19-ம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி இங்கே வந்தவர்களுக்குப் பெரிய பூசணி சுலபமாகக் கிடைத்தது. என் மகன் இந்தக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ தாத்தா கல்லறைக்கும் ஒரு பூசணி வைக்கலாமா?" என்றான். பூசணி வைக்கவில்லை. ஊரில் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றுவதை வீடியோ காலில் அவனையும் பார்க்க வைத்தேன். மிட்டாய்க்கும் போவோம், நவம்பர் 1 காலைப் பூசைக்கும் போவோம்.

ஸ்கார்பரோ அம்மா

எங்கட பக்கம், கனடாவில், குளிர்தான் பெரிய பிரச்சினை. காஸ்ட்யூமைப் பெரிய அளவில் வாங்கி விண்டர் ஜாக்கெட்டுக்கு மேலே போட்டு விடுவோம். ஸ்பைடர்மேன் எல்லாம் நல்லா உருண்டு திரண்டு போவார்கள். 2019-ல் மழையும் புயலும் என்று மொன்றியல் நகரசபை ஹாலோவீனை நவம்பர் 1-க்கே தள்ளி வைத்தது. என்ர தங்கச்சி அங்கே இருக்கிறா. அவவின் தெருவில் பாதிப் பிள்ளைகள் அன்றைக்கும் மீதி அடுத்த நாளும் வந்தார்களாம், அவ இரண்டு நாளும் கதவடியில்தான்.

2024-ல் தீபாவளியும் ஒக்டோபர் 31. காலையில் எண்ணெய் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய், பின்னேரம் மகளுக்குக் காஸ்ட்யூமை எடுத்தால் அவள் பட்டுப்பாவாடையைக் கழற்ற மாட்டேன் என்று நின்றாள். சரி என்று அப்படியே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் அந்த அம்மா, "நீ எந்த நாட்டு இளவரசி?" என்று கேட்டா. "இது வேஷம் இல்லை, எங்கட தீபாவளி உடுப்பு" என்று என் பிள்ளை நிமிர்ந்து நின்று சொன்னாள். அவ உள்ளே போய்த் தன் கணவரையும் கூட்டி வந்து, என்ன சாப்பிடுவீர்கள், எப்போது விளக்கு வைப்பீர்கள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டா. பின்னால் நின்ற பிள்ளைகளும் மிட்டாயை மறந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

வீட்டில் செய்த பலகாரத்தை மட்டும் வாசலில் குடுக்காதீங்கோ. முன்பின் தெரியாத வீட்டு முறுக்கைத் தாய்மார் பிள்ளைக்குக் குடுக்க மாட்டார்கள், அது அவர்களின் பிழையும் இல்லை. கடையில் வாங்கிய, உறை பிரிக்காததுதான் சரி.

நிலக்கடலை ஆகாத பிள்ளையின் அம்மா

என் மகனுக்கு நிலக்கடலை உயிருக்கே ஆபத்து. அவன் போகிறான். எபிபென் என்ற ஒவ்வாமை அவசர ஊசி என் பையில் இருக்கும், வழியில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதில் தளர்வே கிடையாது. சில வாசல்களில் ஆரஞ்சுக்குப் பதில் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு பூசணி இருக்கும். அங்கே ஸ்டிக்கர், பென்சில், பம்பரம் மாதிரி சாப்பிடாத பொருளும் கிடைக்கும் என்று அர்த்தம். டென்னசியில் தொடங்கியது, 2014-லிருந்து நாடு முழுக்கப் பரவியது. தூரத்தில் அந்த நிறத்தைக் கண்டதும் என் மகன் ஓடுகிற ஓட்டத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு அது வெறும் பென்சில். அவனுக்கு அந்த இரவில் வாங்கிய உடனே தன்னுடையது என்று வைத்துக்கொள்ள முடிந்தது அது ஒன்றுதான். மிட்டாய் வாங்கும்போது ஒரு பெட்டி பென்சிலும் வாங்கி வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

டிமாயின் அப்பா, அயோவா

எங்கள் ஊர் வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பையன்கள் அன்றிரவு செய்த அட்டகாசம் தாங்காமல் 1930-களின் இறுதியில் நகரத்தார் இதை அக்டோபர் 30-க்கு மாற்றி (பல்லாண்டு அப்படியே நடந்தது), சும்மா கொடுக்கக் கூடாது, பிள்ளைகள் ஏதாவது செய்து காட்டி வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். வாசலில் நின்று ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய். என் மகளுக்கு அவள் தாத்தா போனில் ஒரு விடுகதை சொல்லிக் கொடுத்தார்: ஓடுவான், ஆடுவான், ஒற்றைக் காலில் நிற்பான், அவன் யார்? அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பாள். யாருக்கும் விடை தெரியாது. கடைசியில் "நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, அந்தக் கதவு!" என்பாள். கூச்சத்தில் விருந்தாளி முன்னால் வாயே திறக்காத பிள்ளை அவள். எந்த வகுப்பில் சேர்த்தும் இந்தத் தைரியம் வந்திருக்காது என்பது என் கருத்து.

உயரமான பையனின் அம்மா

எல்லோரும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியே சொல்கிறீர்கள். என் மகனுக்கு 13 வயது, ஆனால் உயரத்தில் அவன் அப்பாவைத் தொட்டுவிட்டான். போன வருடம் ஒரு வீட்டில் அவனைப் பார்த்ததும், "உனக்கெல்லாம் எதற்கு இது, எத்தனை வயது?" என்று கேட்டு, அவன் பின்னால் நின்ற குட்டை நண்பனுக்கு மட்டும் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அவன் எதுவும் பேசாமல் திரும்பி வந்தான். இருட்டில் ஒரு உயரமான மாநிறப் பையனைக் கதவு திறப்பவர் எப்படிப் பார்ப்பார் என்ற கவலை எனக்குக் கூடவே இருந்துகொண்டிருக்கிறது.

சில ஊர்களில் இதற்குச் சட்டமே உண்டு. வர்ஜீனியாவின் செசபீக்கில் 12 வயதுக்கு மேல் போனால் சிறை என்றுகூடப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 2019-ல்தான் வயதை 14 ஆக்கிச் சிறையை நீக்கினார்கள். மிட்டாய் வாங்கும் ஆசையில் இன்னும் குழந்தையாக இருக்கும் பையன், அன்றிரவு வேறு எங்கே போயிருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு மணியை அடிப்பதில் என்ன தப்பு?

இந்த வருடமும் அவன் போகிறான். முகத்தை மூட வேண்டாம், தெரிந்த நண்பர்களோடு எங்கள் தெருவை விட்டுத் தாண்ட வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். எங்கள் வாசலில் நான் நிற்பேன். வேஷமே இல்லாமல் மீசை முளைத்தவன் வந்தாலும் பெரிய சாக்லேட்தான், எவ்வளவு வயது என்று கேட்கமாட்டேன். கோவைக்காரி, உங்கள் அத்தையை அன்றைக்குக் கதவுப் பக்கம் நிறுத்தி, வருகிற பிள்ளைகளுக்கு அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். என் மாமியார் இங்கே வந்திருந்தபோது அப்படித்தான் செய்தோம், இரண்டாவது பாக்கெட்டை அவரே பிரித்துவிட்டார்.