டிசம்பர் 11 கவிதை வாசிப்பு: கூடமும் மைக்கும் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பாரதி பிறந்தநாளான டிசம்பர் 11 அன்று மாலை புதுச்சேரியில் ஒரு கவிதை வாசிப்பு நடத்துகிறோம். 1908 முதல் 1918 வரை அவர் வாழ்ந்த ஊர், அந்த நாளைச் சும்மா விட மனசு வரவில்லை. உள்ளூர்க் கவிஞர்களோடு காரைக்கால், மாஹே, ஏனாமிலிருந்தும் வருகிறார்கள். நான்கு ஊரும் ஒரே ஒன்றியப் பிரதேசம்தான். ஆனால் மாஹேயின் மலையாளக் கவிதையையும் ஏனாமின் தெலுங்குக் கவிதையையும் எழுதியவர் குரலிலேயே நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இப்போது சிக்கல் இடம்தான். முதலில் மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே நடத்தலாம் என்று பேசினோம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்காது. தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் ஒரு வரிகூடக் காதில் விழாது. ஐம்பது அறுபது பேர் உட்காரும்படி கான்கிரீட் கூரை உள்ள கூடம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நாற்காலி வேண்டாம், பாய் போதும். தெருச் சத்தம் குறைவாக இருந்தால் ரொம்ப நல்லது.

அப்புறம், ஒரு நல்ல மைக்கும் உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டும் வேண்டும். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் சரிப்படாது, தாழ்ந்த குரலில் வாசிப்பவர்களின் சொற்கள் அதில் தெளிவாக வராது.

கவிதைகளின் தமிழ் வடிவம் தயாராக இருக்கிறது. அவற்றை நிதானமாக வாசிக்க இரண்டு பேர் தேவை. வெளியூர்க்காரர்கள் அன்றிரவு தங்க வீட்டில் ஓர் அறை தரமுடிந்தாலும் பெரிய உதவி. முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள், நானே கூப்பிடுகிறேன்.