மூன்று நாள் நிறுத்தினால் கார் பேட்டரி இறங்கிவிடுகிறது: பேட்டரியா, டைனமோவா?

திருநகர்_பெட்ரோல்

வணக்கம். என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் கார், 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி. வேலைக்கு பைக்கில்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில் மாமனார் வீட்டுக்குப் போய்வரத்தான் காரை எடுப்பது. நடுவில் ஒரு நாள் கடைவீதிக்குப் போனால் உண்டு.

ஞாயிறு ராத்திரி நிறுத்தினால் வியாழன் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வருகிறது, ஹாரன் இருமுகிறது. தெருப் பையன்கள் தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் ஆகிறது. தினமும் ஓட்டினால் ஒரு தொல்லையும் இல்லை.

பழைய பேட்டரி 14 மாதத்தில் போனது. இப்போது இருப்பது 5 மாதப் பேட்டரி. "செல் போயிருச்சு, மாத்திருங்க" என்கிறார் கடைக்காரர். மெக்கானிக்கோ டைனமோ நன்றாகத்தான் சார்ஜ் போடுகிறது என்கிறார். ஓடும்போது டேஷ்போர்டில் பேட்டரி லைட் எரிவதில்லை. மறுபடியும் காசைக் கொட்டும் முன் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன்.

மேலூர்_ரோடு

நம்ம ஊர் வெயிலுக்குப் பேட்டரி தாங்காது நண்பரே. சித்திரையில் பானட்டுக்குள் முட்டையே அவிக்கலாம். ஒன்றரை வருஷம் வந்தாலே லாபம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வயரிங்_மாமா

வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும், உண்மைதான். சராசரி வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் வெயிலில் சாகிற பேட்டரி தினமும் ஓட்டினாலும் இழுக்கும். தம்பி சொல்வது வேறு. ஓட்டினால் சரி, நிறுத்தினால் போச்சு. வண்டி தூங்கும்போது எதுவோ குடிக்கிறது.

தம்பி, இப்போதைக்குப் பேட்டரி வாங்காதீர்கள். 300, 400 ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும், அதை வாங்குங்கள். பேட்டரியை வெளியே ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, நாலைந்து மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்து சொல்லுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த வயிறு. 12.2 என்றால் அரை வயிறு. 12க்குக் கீழே போனால் பட்டினி. அப்புறம் மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது, இன்ஜின் ஓடும்போது எவ்வளவு, ஏசியும் ஹெட்லைட்டும் போட்டால் எவ்வளவு என்று பாருங்கள்.

கோரிப்பாளையம்_77

இவ்வளவு எதற்கு? வண்டியை ஓடவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்கள். வண்டி நின்றால் டைனமோ போச்சு, நிற்காவிட்டால் நல்லது. எங்கள் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

வயரிங்_மாமா

அண்ணே, அது அம்பாசடர் காலத்து வைத்தியம். இப்போது செய்யவே கூடாது. பேட்டரிதான் வண்டியின் மின்சாரத்துக்கு மெத்தை. ஓடும்போது அதை எடுத்தால் டைனமோவிலிருந்து வோல்டேஜ் ஒரே எகிறாக எகிறும். இன்ஜின் கம்ப்யூட்டர் போனால் பத்து பேட்டரி வாங்குகிற காசு போகும். டைனமோவுக்கு உள்ளே இருக்கிற டயோடும் போகலாம்.

(டைனமோ என்று நாம் சொல்வது ஆல்டர்னேட்டரைத்தான். பட்டறையில் யாரும் ஆல்டர்னேட்டர் என்று சொல்வதில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை.)

திருநகர்_பெட்ரோல்

மீட்டர் வாங்கிவிட்டேன். சார்ஜ் போட்டு ஆறவைத்த பிறகு 12.64. செல்ஃப் அடிக்கும்போது 10.4 வரை இறங்கி ஏறுகிறது. ஐடிலில் 13.9. ஏசி, ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டால் 13.6. பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, கீச்சுச் சத்தம் இல்லை.

எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தெரிகிறதே மாமா?

வயரிங்_மாமா

தெரியும்தான். அதனால்தான் கடைக்காரரும் மெக்கானிக்கும் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். 13.8 முதல் 14.5க்குள் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது, லோடு போட்டால் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆக, ஏறுகிறது. இறங்குவது எங்கே என்று பார்க்க வேண்டும்.

சாவியை எடுத்துவிடுங்கள். பானட் திறந்தே இருக்கட்டும். ஒரு கதவைத் திறந்துவைத்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடியதுபோல் ஆக்குங்கள், டோர் ஸ்விட்சையும் அமுக்கி டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் உள்லைட் எரிந்து கணக்கைக் கெடுக்கும். நெகட்டிவ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் மாட்டுங்கள். அந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் தெறித்துவிடும். மாட்டியவுடன் வருகிற அளவை நம்ப வேண்டாம். கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி, முக்கால் மணி ஆகும். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் குற்றமில்லை.

வண்டியூர்_வாசி

எனக்கும் இதே பிரச்சினைதான். ஆனால் புதுப் பேட்டரி போட்ட மறுநாளே செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது. வயரெல்லாம் சூடாகிறது.

வயரிங்_மாமா

உங்களுடையது இது இல்லை, எர்த் கோளாறு மாதிரி இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். 0.2க்கு மேல் வந்தால் எர்த் கேபிளின் இரண்டு முனையையும் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றிக் கழுவுங்கள், தண்ணீர் செல்லுக்குள் போகாமல். காய்ந்த பிறகு வாஸ்லின் தடவினால் போதும்.

திருநகர்_பெட்ரோல்

மாமா, மாட்டியதும் 1.8 காட்டியது. 40 நிமிடம் கழித்து 0.42. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கினேன். ஸ்டீரியோ ஃப்யூஸை எடுத்ததும் 0.40 ஆனது. உள்ளே இருக்கிற ஃப்யூஸ் பெட்டி முழுவதையும் காலி செய்தும் அதே 0.40. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

வயரிங்_மாமா

பேய் இல்லை. கணக்கு நேராக வந்துவிட்டது. 0.4 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்குப் பத்து ஏ.எச். போகிறது. மூன்று நாளில் முப்பது. உங்கள் பேட்டரியே 35தான், வியாழக்கிழமை எப்படி எடுக்கும்? முதல் பேட்டரியும் இப்படி வாரம் தவறாமல் அடிமட்டம் வரை காய்ந்து காய்ந்துதான் செத்திருக்கும். ஈயத்தட்டில் சல்பேட் படிந்துவிட்டால் அப்புறம் சார்ஜ் பிடிக்காது.

ஃப்யூஸ் எடுத்தும் இறங்கவில்லை என்றால், அந்தப் பெட்டியைத் தொடாமல் போகிற வயர் எது? டைனமோவிலிருந்து பேட்டரிக்கு நேராக வருகிற தடித்த வயர். டைனமோவுக்குள் இருக்கிற டயோடுகள் கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு மாதிரி. மோட்டார் ஓடும்போது தண்ணீர் ஏறும், நிறுத்தினால் இறங்கக் கூடாது. வால்வு கசிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் காலி. மறுநாள் மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறத்தான் செய்யும், அதனால் யாரும் வால்வைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

காலையில் வண்டி எடுக்கும் முன் டைனமோ மேல் கை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கிற இரும்பைவிட வெதுவெதுப்பாக இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

கோரிப்பாளையம்_77

மீட்டரை ஏசி வோல்டில் (குளிர்சாதனம் இல்லை, மாறுதிசை மின்சாரம்) வைத்து ஓடும்போது பேட்டரியில் பார்த்தாலும் டயோடு தெரியும் என்பார்களே?

திருநகர்_பெட்ரோல்

பார்த்தேன் அண்ணே, 30 வோல்ட் காட்டுகிறது! வண்டி வெடித்துவிடுமா?

வயரிங்_மாமா

வெடிக்காது தம்பி. மலிவு மீட்டர்கள் ஏசி அளவில் வைத்தால் டிசியை, அதாவது பேட்டரியின் நேர்திசை மின்சாரத்தைப் பார்த்து அதன் இரண்டு மடங்கு போல உளறும். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டும், சோதித்துப் பாருங்கள். நல்ல மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி வந்தால் டயோடு போச்சு என்று அர்த்தம். உங்கள் மீட்டருக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

வேறு வழி இருக்கிறது. நெகட்டிவைக் கழட்டிய பிறகு டைனமோ பின்பக்கம் தடித்த வயர் நட்டைக் கழட்டி, அந்த முனையைப் பழைய ட்யூப் ரப்பரால் சுற்றிக் கட்டுங்கள், எங்கேயும் உரசக் கூடாது. டைனமோவில் செருகியிருக்கிற வயர் பிளக்கையும் பிடுங்குங்கள். பிறகு மறுபடி மீட்டரைப் போட்டு ஆம்பியர் பாருங்கள். நெகட்டிவைக் கழட்டாமல் அந்த நட்டில் ஸ்பேனர் வைத்தால் தீப்பொறி பறக்கும், எச்சரிக்கை.

திருநகர்_பெட்ரோல்

காலை ஆறு மணிக்குத் தொட்டேன், கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தது. வயரைக் கழட்டி, முன்போலவே காத்திருந்து பார்த்ததும் 0.02. ஸ்டீரியோ குடிப்பது மட்டும்தான் போல.

பழங்காநத்தம் பக்கம் ஒரு டைனமோ ரிப்பேர்காரரிடம் கழட்டிக் கொடுத்தேன். டயோடு தட்டில் இரண்டு கசிகிறது என்று பிரித்துக் காட்டினார். தட்டு மாற்றி, பேரிங்கும் புதிதாகப் போட்டு, கூலியோடு 2,600 ரூபாய். பேட்டரி கடைக்காரர் கேட்ட தொகையில் பாதிதான். ஞாயிறு நிறுத்தியதை வெள்ளிக்கிழமை காலையில் எடுத்தேன், ஒரே அடியில் பிடித்துவிட்டது. தள்ளுவதற்குப் பையன்கள் வந்து நின்றதுதான் மிச்சம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மாமா, இந்த 5 மாதப் பேட்டரியை வைத்துக்கொள்ளலாமா?

வயரிங்_மாமா

தண்ணீர் ஊற்றுகிற வகை என்றால் மட்டம் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் விடுங்கள், ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். மூன்று, மூன்றரை ஆம்பியரில் மெதுவாக முழு சார்ஜ் ஏற்றி, கேபிள் மாட்டாமல் இரண்டு நாள் ஓரமாக வையுங்கள். 12.5க்கு மேல் நின்றால் ஓட்டலாம். 12.3க்கு வந்துவிட்டால் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள்.

திருநகர்_பெட்ரோல்

இரண்டு நாள் ஆச்சு மாமா. 12.57. அட்டை தேடும் வேலை மிச்சம்.