புதுப்பிப்பு: லைன் வேலையில் சொந்த ஒப்பந்தம்

லைன்மேன்கள் இருவர் சேர்ந்து சொந்தமாக ஒப்பந்தம் எடுக்கலாமா, பக்கெட் லாரியை (ஆளைக் கூடையில் நிறுத்தி உயரே தூக்கும் வண்டி) முதலிலேயே வாங்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தொடங்கிவிட்டோம். லாரி வாடகைக்குத்தான், இப்போதைக்கு அதுவே போதும். கம்பம் நடுவதும் கம்பி இழுப்பதும் கை பழகிய வேலை. கழுத்தைப் பிடிப்பது பணம்தான். ஆட்களுக்குக் கூலி வாரக் கடைசியிலேயே கொடுத்தாக வேண்டும். பில் தொகையோ அளவெடுத்து, சரிபார்த்து, மெதுவாகத்தான் வரும். அதிலும் ஒரு பங்கைப் பராமரிப்புக் காலம் (செய்த வேலையில் குறை வந்தால் நாமே சரிசெய்து தரவேண்டிய காலம்) முடியும்வரை பிடித்து வைக்கிறார்கள். விலை சொல்லும்போதே இந்தக் காத்திருப்புக்கான வட்டியையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம் காப்பீடு, 6 மாதத்துக்கு ஒருமுறை, மின்சாரத்தைத் தாங்குகிறதா என்று ரப்பர் கையுறைச் சோதனை. இவற்றில் மிச்சம் பிடிக்கவே கூடாது. அடுத்து நிலத்தடிக் கேபிள் வேலை ஒன்று வருகிறது. கேபிள்களை இணைத்து ஜாயிண்ட் போடத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.