6.5க்குக் கீழே இருந்தால் சர்க்கரை நோய் இல்லையா?

ஆய்வக மேசை:
பக்கத்து இழையில் 'கிளினிக் வாசல்' எழுதியிருக்கிறார்: "வெறும் வயிற்றுப் பரிசோதனை தேவையில்லை. குடும்ப மருத்துவருக்கு எச்பிஏ1சி ஒன்று போதும். 6.5க்குக் கீழே என்றால் சர்க்கரை நோய் இல்லை." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற அளவு. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும் என்ற கணக்கில் நிற்கிற எண் அது. சிவப்பணு சீக்கிரம் உடைகிறவருக்கு ஓடுவதெல்லாம் புது அணுக்கள். சர்க்கரை ஒட்டவே நேரமிருக்காது. எச்பிஏ1சி 5.9 என்று வரும், வெறும் வயிற்றில் குளுக்கோஸ் எடுத்தால் 140 நிற்கும்; 126 தொட்டாலே நோய்க் கணக்கு. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

கிளினிக் வாசல்:
6.5 என் வீட்டுக் கணக்கு இல்லை சார். அமெரிக்க நீரிழிவு சங்கம் 2010ல் ஏற்றது, உலக சுகாதார நிறுவனம் 2011ல் ஏற்றது. அவர்களுக்கும் பாடம் எடுங்கள். "நாளைக் காலை சாப்பிடாமல் வாங்க" என்று அனுப்பினால் பலர் திரும்பி வருவதேயில்லை. வந்த நேரத்தில் ரத்தம் எடுத்தால்தான் நோய் ஆரம்பத்திலேயே பிடிபடும்.

ஆய்வக மேசை:
அந்த 2011 அறிக்கையை முழுசாகப் படியுங்கள் தம்பி. 6.5க்குக் குறைவாக இருந்தாலும் குளுக்கோஸ் பரிசோதனையில் நோய் தெரியலாம் என்று அதிலேயே இருக்கிறது. பாதியைப் படித்துவிட்டு நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

கிளினிக் வாசல்:
தம்பி என்று கூப்பிட நான் உங்களிடம் வேலை பார்க்கவில்லை. போன வருடம் ரத்தசோகையில் எச்பிஏ1சி ஏறும் என்றீர்கள், இப்போது இறங்குமாம். எதை நம்புவது?

ஆய்வக மேசை:
இரும்புச்சத்துக் குறைந்தால் ஏறும். ரத்தம் இழந்தாலோ அணு உடைந்தாலோ இறங்கும். அன்றும் இரண்டையும்தான் சொன்னேன். வசதியானதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

வழிப்போக்கன்:
ரெண்டு பேரும் எண்ணைப் பிடிச்சுத் தொங்குறீங்க. இங்கிலாந்துல குடும்ப மருத்துவர்கள் மூலமா நடந்த அடிஷன்-கேம்பிரிட்ஜ் ஆய்வு 2012ல வந்துச்சு. சர்க்கரை நோய் ஆபத்து அதிகமுள்ளவங்களை அழைச்சுப் பரிசோதிச்சும் சுமார் 10 வருஷத்துல சாவு குறையலை. அதைப் பத்தி யாராச்சும் பேசுங்க.

கிளினிக் வாசல்:
அதற்குத் தனி இழை போடுங்கள். ஆய்வக மேசைக்கு ஒரு கேள்வி: உங்கள் குளுக்கோஸ் மட்டும் யோக்கியமா? ரத்த அணுக்களைப் பிரித்தெடுக்காமல் வைத்த டியூபில் அது மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைகிறதே. 130 இருந்தவர் மேசைக்கு வருவதற்குள் 126க்குக் கீழே போய்விடுவார்.

ஆய்வக மேசை:
டியூபை வெளியே போட்டுவைப்பது எடுக்கிறவர் தப்பு. உடனே பிரி, இல்லையென்றால் ஐஸில் வை. அதை எங்கள் தலையில் கட்டாதீர்கள். தைராய்டு இழையிலும் இப்படித்தான் பேச்சை மாற்றிவிட்டுப் போனீர்கள்.

கிளினிக் வாசல்:
போகவில்லை. உங்களோடு பேசிப் பயனில்லை என்று நிறுத்தினேன். அறிகுறி இல்லாதவருக்கு இரண்டாவது முறை உறுதி செய்யாமல் நான் மாத்திரை எழுதுவதில்லை.

ஆய்வக மேசை:
6.5 தாண்டியவருக்கு இரண்டாவது முறை பார்க்கிறீர்கள், சரி. தாண்டாத அந்த 5.9 ஆளுக்கு யார் பார்ப்பது? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். 6.5க்குக் கீழே என்றால் நோய் இல்லை என்று எழுதினீர்களா, இல்லையா?