பொறுப்பூகம்: வாகன மோதல் சட்டத்துக்கு ஒரு சொல்

மோட்டார் வாகனம் பாதசாரியிலோ சைக்கிள்காரரிலோ மோதினால், பொறுப்பு வாகனத் தரப்பினது என்றே முதலில் கொண்டு, இல்லையென்று காட்டும் சுமையை அந்தத் தரப்பிடம் விடுகிற விதிக்கு (presumed liability) ‘பொறுப்பூகம்’ என்று சொல் வைத்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை.

> ‘ஊகப் பொறுப்பு’ என்று வைத்தால் போதாதா? சுருக்கமாகவும் இருக்கிறது.

போதாது, ஐயா. ‘ஊகம்’ என்ற சொல்லோடு பிணக்கில்லை. சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் நீதிமன்றத் தமிழிலும் ஊன்றிவிட்ட சொல். அது நிற்கிற இடந்தான் பிழை. தமிழ்த் தொகையில் தலைச்சொல் கடைசியில் வரும். ‘ஊகப் பொறுப்பு’ என்றால் இருக்கோ இல்லையோ தெரியாத பொறுப்பு என்றாகிவிடும். சட்டம் சொல்வது மறுவளம்: பொறுப்பு முழுப் பொறுப்புத்தான், அதை நிறுவும் வழிதான் ஊகம். ஆகவே பொறுப்பு + ஊகம் = பொறுப்பூகம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘சாரதிக்கு எதிராகப் பொறுப்பூகம் எழும்’, ‘பொறுப்பூகத்தை மறுதலிக்கத் தவறினார்’. இடறவில்லை.

இலங்கையில் இப்போது உள்ளது இதுவல்ல. இங்குள்ள பொதுக் குடியியல் சட்டமான உரோமன் டச்சுச் சட்டப்படி, கண்டி வீதியில் சைக்கிள்காரரை வான் தட்டினால் வான் சாரதியின் கவனயீனத்தைச் சைக்கிள்காரரே எண்பிக்க வேண்டும். மண்டையில் அடிபட்டு நினைவு தப்பினவர் என்னத்தை எண்பிப்பது? பிரேக் தடம் அளக்க முன்னமே வாகனத்தை நகர்த்திவிட்டால் சான்றும் போய்விடும். வழக்கை 2 ஆண்டுக்குள் தொடுக்கவும் வேண்டும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இரு பக்கத்துப் பிழையையும் பங்கிட்டு நட்டஈட்டைக் குறைக்க வழி செய்ததே தவிர, எண்பிப்புச் சுமையைத் தொடவில்லை. பொறுப்பூகம் தொடுவது அந்தச் சுமையைத்தான்.

> அப்ப விசாரிக்க முன்னமே சாரதியைக் குற்றவாளியாக்குகிற சட்டமா?

இல்லை. இது நட்டஈட்டு வழக்குக்கு மட்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில், கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு வந்தால் சாரதி வழமைபோலச் சுற்றவாளி என்றே ஊகிக்கப்படுவார். பொறுப்பூகத்தால் வருகிற காசும் பெரும்பாலும் மூன்றாந்தரப்புக் காப்புறுதியிலிருந்தே வரும். ‘பழியூகம்’, ‘குற்ற ஊகம்’ இரண்டையும் இதனால்தான் ஒதுக்குகிறேன்.

---

அக்கா, சொல் எனக்குச் சம்மதம். ஆனால் ஐரோப்பியச் சட்டம் எல்லாவற்றுக்கும் இதையே ஒட்டக்கூடாது.

ஜேர்மன் வீதிப் போக்குவரத்துச் சட்டம் கடும் பொறுப்பு, பொறுப்பூகம் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. 7ஆம் பிரிவில் வாகன உடைமையாளருக்கு இருப்பது கடும் பொறுப்பு. தன்னில் பிழையில்லை என்று காட்டி அவர் தப்ப முடியாது, மனித சக்திக்கு மீறிய நிகழ்வாக இருக்கவேண்டும். 18ஆம் பிரிவில் சாரதிக்கு இருப்பதுதான் அசல் பொறுப்பூகம். பிழையில்லை என்று எண்பித்தால் விடுபடுவார்.

நெதர்லாந்தின் 1994ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், 185ஆம் உறுப்புரை, கடும் பொறுப்பின் பக்கம் சாய்ந்தது. அந்நாட்டு நீதிமன்றத் தீர்ப்புகளின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை சைக்கிளிலோ நடையிலோ அடிபட்டால் முழு நட்டஈடு. 14 வயதோ அதற்கு மேலோ ஆனவர் தானே பிழைவிட்டிருந்தாலும் குறைந்தது பாதி கிடைக்கும். வேண்டுமென்றே செய்ததும் அதற்கு ஒப்பான அசட்டுத் துணிவும் விலக்கு. பிரான்சின் 1985 யூலை வீதி விபத்துச் சட்டத்தில் சாரதியின் பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைப் பொறுப்பூகம் என்று எழுதினால் காப்புறுதிக்காரர் மறுதலிக்கலாம் என்று நம்பிக்கொண்டு வந்து நிற்பார்.

இன்னொன்று, ‘பெரிய வாகனம் சின்னனுக்குப் பொறுப்பு’ என்று விளக்கம் எழுதவேண்டாம். நெதர்லாந்து உறுப்புரை மோட்டார் வாகனத்துக்கு மட்டும். சைக்கிள் பாதசாரியை இடித்தால் அங்கும் வழமையான பிழை வழக்குத்தான்.

வரைவு: பொறுப்பூகம் — மோட்டார் வாகனம் பாதசாரியிலோ சைக்கிள்காரரிலோ மோதியவிடத்து, மறுதலை எண்பிக்கப்படும்வரை நட்டஈட்டுப் பொறுப்பு வாகனத் தரப்பினதே எனக் கொள்ளும் விதி. ‘வாகனத் தரப்பு’ என்று விட்டது வேண்டுமென்றே. உடைமையாளரா சாரதியா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.