நாணய ஸ்டாலில் கண்ணாடிப் பெட்டியை எப்படி அடுக்கினால் நல்லது?

வைகைக்கரை:
போன மாதம் மதுரையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனேன். நான்கு மணி நேரத்தில் பாதி நேரம் "கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள்" என்று கேட்பதிலேயே போய்விட்டது. ஒரு தட்டில் இருபது விக்டோரியா ரூபாய்கள் இருந்தன. இருபதிலும் ராணி முகம்தான் மேலே. ஆண்டு பின்பக்கம் இருக்கிறது. 1862 என்று போட்ட ரூபாயை எண்ணை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். பின்பக்கத்தில் உள்ள சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் நாம் வகை பிரிக்கிறோம். அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டால் சேகரிப்பவன் எதைப் பார்ப்பான்?

குடியரசு நாணயங்களிலும் இதே கதைதான். சிங்கத் தூண் மேலே, ஆண்டும், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் மின்ட் மார்க்கும் கீழே. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. அதற்காகத்தான் லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

என் கருத்து இது: ஆண்டு உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். அரசர், ஆட்சிக்காலம் என்ற வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விலைச் சீட்டு வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஸ்டாலில் நான் இனி நிற்பதாக இல்லை.

மலைக்கோட்டை காசுக்கடை:
தம்பி, நான் 22 வருடமாக ஸ்டால் போடுகிறேன். ஆண்டுப் பக்கம் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் ஒத்துக்கொள்ள முடியாது.

கண்காட்சியில் எனக்குக் கிடைப்பது ஒரு மேசை. அதில் மூன்று பெட்டி வைக்கலாம். கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு ஆள் என் மேசையைப் பார்ப்பது நாலைந்து நொடி. அதற்குள் அவரை நிறுத்த வேண்டும். நிறுத்துவது எது? சென்னையில் அடித்த நட்சத்திர வராகன் என்ற தங்கக் காசு நிறுத்தும். 1911 ரூபாய் நிறுத்தும். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் உள்ள யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, மறு வருடமே அச்சை மாற்றினார்களே, அந்த ரூபாய். "இதுதானா அது?" என்று குனிவார்கள். அதை நீங்கள் சொல்கிற வரிசைப்படி எட்வர்டுக்குப் பின்னால் கடைசி மூலையில் வைத்தால் யார் குனிவார்கள்?

விலைச் சீட்டு விஷயம் வேறு. விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. சாதாரண ஆண்டாக இருந்தால் விலையை நான் வைப்பதில்லை, வெள்ளிச் சந்தை வைக்கிறது. வெள்ளிக்கிழமை எழுதிய சீட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் பொய்யாகிவிடும். கூடவே, நான் எழுதி வைத்தால் பக்கத்து மேசைக்காரர் நடந்து வந்து பார்த்துவிட்டு நூறு ரூபாய் குறைத்துச் சொல்வார். இது நடக்காத கண்காட்சி கிடையாது.

உப்பளத்தான்:
நான் வாங்குகிற பக்கம்தான். ஆனாலும் வைகைக்கரை சொல்கிற வரிசையை எதிர்க்கிறேன். எல்லாவற்றையும் பிரித்துச் சீட்டு ஒட்டிவிட்டால் தேடுகிறவனுக்கு என்ன மிச்சம்?

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் ராஜராஜன் செப்புக்காசுகளை ஒரு எவர்சில்வர் தட்டில் குவித்து வைத்திருந்தார். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அதன் அருகில் நாகரியில் ஸ்ரீ ராஜராஜ. ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் எழுத்து வேறு மாதிரி இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஸ்ரீ ராஜ லீலாவதி. பொலன்னறுவையை ஆண்ட அரசி, முதலாம் பராக்கிரமபாகுவின் மனைவி. இலங்கை மன்னர்கள் சோழர் காசின் வடிவத்தையே எடுத்துக்கொண்டதால் குவியலில் ஒன்றாகக் கிடந்திருக்கிறது. அந்தப் பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன், கூடுதல் காசும் கொடுத்தேன். அன்றைக்குக் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. குவியல் தட்டை எடுத்துவிடாதீர்கள்.

வைகைக்கரை:
உப்பளத்தான் அண்ணே, உங்கள் கண்ணுக்கு லீலாவதி கிடைத்தது. அன்றைக்கு அதே தட்டைப் பார்த்துவிட்டுப் போன மற்றவர்களுக்கு அப்படி ஒரு அரசி இருந்ததே தெரியாமல் போயிருக்கும். ராஜராஜன் காசு, பக்கத்தில் பராக்கிரமபாகு, பக்கத்தில் லீலாவதி என்று மூன்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே உருவம் எப்படிப் போனது என்பது புத்தகம் இல்லாமலே புரியும். புதிதாக வருகிற பையன் அங்கேதான் சேகரிப்பாளன் ஆகிறான்.

கடைக்கார அண்ணனுக்கு: வெள்ளி விலை மாறுகிறது என்பது நியாயம்தான். அப்படியானால் எடைக்குப் போகிற ரூபாய்களை ஒரு தட்டில் வைத்து, அன்றைய விலையை ஒரு சிலேட்டில் எழுதுங்கள். செம்புக்காசையும் ஈயக்காசையும் யார் உலோக எடைக்கு விற்கிறார்கள்? அவற்றுக்குச் சீட்டு எழுதலாமே. விலை கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்கள் உங்களிடம் பேசுவதே இல்லை. கல்லூரிக் காலத்தில் நான் அப்படிப் போனவன்.

செம்புத்தகடு:
நான் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எல்லோரும் வரிசையையே பேசுகிறீர்கள், பெட்டிக்குள் என்ன விரித்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

வெல்வெட்டுக்கு அடியில் ரப்பர் ஷீட், பெட்டியைக் கட்ட ரப்பர் பேண்டு. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி கறுக்கும். வளவளப்பான பிவிசி உறைகள் நாளாக ஆகக் குளோரின் சேர்மத்தை விடும், செம்பில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும். அதைக் களிம்பு என்று நினைத்துச் சிலர் புளி போட்டுத் தேய்க்கிறார்கள், அதோடு நாணயம் போயிற்று. ஈயம் இன்னும் மோசம். சாதவாகனர் ஈயக்காசைப் புது மரப்பெட்டியில் மூடி வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும்.

அருங்காட்சியகங்களில் 1973 முதல் ஒரு சோதனை இருக்கிறது, ஆடி (Oddy) என்பவர் பெயரால் ஆடி சோதனை என்பார்கள். பெட்டியில் போடப்போகும் துணியையோ பலகையையோ வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடும் கொஞ்சம் தண்ணீரோடும் மூடி, 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைப்பார்கள். உலோகம் நிறம் மாறினால் அந்தத் துணி வேண்டாம். வீட்டிலேயே ஒரு கண்ணாடி பாட்டிலில் சுத்தமான செம்புத் தகட்டைப் போட்டு ஒரு மாதம் பார்க்கலாம். அவ்வளவு துல்லியமாக இருக்காது, ஆனால் மோசமான துணி மாட்டிக்கொள்ளும்.

நிறமும் முக்கியம். சிவப்பு வெல்வெட்டில் செம்புக்காசு கரைந்துபோகிறது. மதுரை நாயக்கர் காலத்துச் சின்னக் காசு இருப்பதே தெரியாது. வெளிர் சாம்பல் நிறம் போடுங்கள்.

மலைக்கோட்டை காசுக்கடை:
மேடம் சொன்ன ரப்பர் ஷீட் என் பெட்டியிலும் இருக்கிறது. இன்று எடுத்துவிடுகிறேன். வெள்ளி கறுப்பதற்கு ஈரக்காற்றுதான் காரணம் என்று இவ்வளவு நாள் சிலிக்கா ஜெல் போட்டுக்கொண்டிருந்தேன்.

சிலேட்டு யோசனை நல்லது, செய்யலாம். ஆனால் சங்க காலப் பாண்டியர் சதுரச் செப்புக்காசுக்குச் சீட்டு எழுதச் சொல்லாதீர்கள். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் மீன் சின்னம். யானை முழுசாக விழுந்ததற்கு ஒரு விலை, தும்பிக்கை அச்சுக்கு வெளியே போனதற்கு ஒரு விலை. வாங்குகிறவர் அதைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும், நான் அதன் குறையை என் வாயால் சொல்ல வேண்டும், அப்புறம்தான் விலை. சீட்டைப் பார்த்து முடிவு செய்கிறவருக்கு அந்தக் காசு தெரியவே தெரியாது.

பினாங்குக்காரன்:
வருடத்துக்கு ஒரு முறை தமிழ்நாடு வருகிறேன். ஒரு முறை சென்னையில் ஒரு கடையில் 'பணம்' என்ற பழைய சின்னக் காசு இரண்டு வாங்கினேன். 1972 சட்டப்படி 100 வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள், நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது என்று அந்தக் கடையில் யாரும் சொல்லவில்லை. அப்புறம் தெரிந்துகொண்டு, காரைக்குடியில் சித்தப்பா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். நான் கேட்பது ஒன்றுதான்: 100 வருடம் தாண்டியதையும் தாண்டாததையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள், மேலே ஒரு வரி எழுதுங்கள்.

வைகைக்கரை:
இதோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ராமர் சீதை என்று போட்ட செம்பு வில்லைகளை நல்ல கம்பெனிக் காசுகளோடு ஒரே தட்டில் பார்த்தேன். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. ஒரு அம்மா அதைப் பூஜையில் வைக்க நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். மனசு கேட்கவில்லை.

மலைக்கோட்டை காசுக்கடை:
அது என் மேசைக்கு வந்ததே இல்லை, வரவும் விடமாட்டேன். அதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. 100 வருடப் பெட்டியும் சரிதான், ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு ஆண்டு இடம் மாறும், அவ்வளவுதானே.

உப்பளத்தான்:
விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே வரிசையாக டியூப் லைட் இருந்தால் ஒளி எல்லாப் பக்கமும் பரவி, தேய்த்துக் கழுவிய நாணயத்தின் மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும். மேசை ஓரத்தில் ஒரே ஒரு விளக்கு, சரிவாக. அதன் கீழே நாணயத்தைச் சாய்த்தால் எல்லாம் தெரியும். அந்த விளக்கை வைக்கிற கடைக்காரரை நம்பி வாங்கலாம்.

மலைக்கோட்டை காசுக்கடை:
அடுத்த கண்காட்சிக்கு இப்படிச் செய்கிறேன். முதல் பெட்டி என் வழி: வராகனும் 1911 ரூபாயும் நடுவில், சீட்டு கிடையாது. இரண்டாவது பெட்டி தம்பி சொன்னபடி ஆட்சி வரிசை, ஆண்டுப் பக்கம் மேலே, விலையோடு. மூன்றாவது இடத்தில் உப்பளத்தானுக்காக எவர்சில்வர் தட்டு. எதில் எவ்வளவு விற்றது என்று நோட்டில் எழுதி இங்கே போடுகிறேன்.

பினாங்குக்காரன்:
வரிசைப் பெட்டி வைப்பதென்றால் எனக்கு ஒரு பதில் வேண்டும். 1862-ல் இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பகுதி) என்று பொறித்த விக்டோரியா சென்ட் இருக்கிறது. 1867 வரை பினாங்கு இந்திய அரசின் கீழ்தான் இருந்தது. அதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

வைகைக்கரை:
பிரிட்டிஷ் இந்தியா. காசிலேயே எழுதியிருக்கிறதே.

மலைக்கோட்டை காசுக்கடை:
மலாயா தட்டில்தான். தேடி வருகிறவர் அங்கேதான் தேடுவார்.